ஒரு தழும்பு, மூன்று இளவரசிகள்: பத்மா லக்ஷ்மியின் கதை

போன ஓகஸ்ட் விடுமுறைக்கு என்ர பெறாமகள் ஒருத்தி ரொறன்ரோவில இருந்து மடத்துவெளிக்கு வந்திருந்தாள். பதினாறு வயது. அவளுக்கு ஐந்து எழுத்தில் அழகான தமிழ்ப் பெயர் ஒண்டு இருக்கு. அப்பப்பா தேடித் தேடி வைத்தது. ஆனா பள்ளிக்கூடத்தில அவள் வேற பெயர். இரண்டே எழுத்து, வெள்ளைக்காரப் பெயர்.

ஏனென்று கேட்டேன். "சித்தி, அட்டெண்டன்ஸ் எடுக்கேக்க ரீச்சர் என்ர பேருக்குக் கிட்ட வந்தோன நிப்பாட்டிப்போட்டு யோசிப்பா. முழு வகுப்பும் திரும்பிப் பாக்கும். அதுக்கு இது பரவாயில்லை" என்றாள்.

அண்டைக்கு இரவு திண்ணையில படுத்திருந்து ஃபோனில 'பிரிட்ஜர்ட்டன்' பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழும்பி, "சித்தி, இவ 'அப்பா' எண்டு சொல்லுறா! இங்கிலிஷ் படத்தில!" என்று கத்தினாள். போட்டுக் காட்டினாள். உண்மைதான். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் நடக்கிற கதை. நீள கவுன் போட்ட ஒரு மண்ணிறப் பெண், செத்துப்போன தகப்பனைப் பற்றிப் பேசும்போது 'அப்பா' என்கிறாள்.

புங்குடுதீவில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள். வாணர் பாலத்தால் வெளியேறிய சனத்தின் பிள்ளைகள் இன்று கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் தங்கட பெயரைச் சுருக்கிக்கொண்டு வகுப்பறையில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு 'அப்பா' திரையில் கேட்பது சின்ன விசயம் இல்லை. அந்தச் சொல் அங்கே போய்ச்சேர எவ்வளவு காலம் எடுத்தது என்று யோசிச்சா, எனக்கு முதலில் நினைவுக்கு வருகிற ஆள் பத்மா லக்ஷ்மி. மொடலாகத் தொடங்கி, தொலைக்காட்சி நடிகையாகி, பிறகு நடிப்பையே விட்டுவிட்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிலைத்த சென்னைத் தமிழ்ப் பெண். அவரும் பள்ளிக்கூடத்தில் வேறு பெயரோடு இருந்தவர்தான்.

அவருக்கு முன்னால் வந்தவர்கள்

பத்மாவைப் பற்றி எழுதுகிற பலரும் 'பாரிஸ், மிலான், நியூயோர்க் மூன்றிலும் தொழில் செய்த முதல் இந்திய மொடல்' என்று தொடங்குவார்கள். 'முதல்' என்கிற சொல்லைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுக்கவேணும். 1970களின் தொடக்கத்திலேயே மும்பையைச் சேர்ந்த அஞ்சலி மெண்டிஸ் பாரிஸில் பியர் கார்டினின் ஆஸ்தான மொடலாக இருந்தார். 1965இல் ஃபெமினா மிஸ் இந்தியா ஆன பெர்சிஸ் கம்பாட்டா, மொடலிங்கில் இருந்து ஹொலிவூட்டுக்குப் போய், 1979இல் வெளியான முதலாவது 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் தலையை முழுதாக மழித்துக்கொண்டு நடித்தார். அதில் அவர் வேற்றுக்கிரகப் பெண். 1976இல் கபீர் பேடி இத்தாலிய அரச தொலைக்காட்சியின் 'சந்தோகன்' தொடரில் கடற்கொள்ளையனாக நடித்து, ஒரே மூச்சில் இத்தாலி முழுக்கப் பிரபலமானார்.

இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். மேற்கத்தையத் திரையில் எங்கட நிறத்துக்கு இடம் இருந்தது. ஆனால் வேற்றுக்கிரகத்தில், கடற்கொள்ளையர் தீவில், ஏதோ ஒரு அரண்மனையில். பக்கத்து வீட்டில் இல்லை. பத்மாவின் தொழில் வாழ்க்கையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேணும்.

ஏஞ்சலிக்

பத்மா 1970 செப்ரெம்பர் 1ஆம் திகதி அன்றைய மெட்ராஸில் பிறந்தார். இரண்டு வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். விவாகரத்தான பெண்ணாக அந்தக் காலச் சென்னையில் வாழ்வதைவிடக் கடல் தாண்டுவது மேல் என்று நினைத்த தாய் விஜயா, அமெரிக்காவுக்குத் தாதியாக வேலைக்குப் போனார். 1965இல் அமெரிக்கா தன் குடிவரவுச் சட்டத்தை மாற்றி, நாடுவாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கியிருந்தது. வைத்தியர்களும் தாதிகளும் பொறியியலாளர்களும் ஆசியாவிலிருந்து போகக் கதவு திறந்த காலம் அது. பிள்ளை சென்னையில் தாத்தா பாட்டியோடு வளர்ந்து, 1974இல் நாலு வயதில் தாயிடம் போய்ச் சேர்ந்தார்.

இதை எழுதும்போது எங்கட ஊர்க் கதைகளும் நினைவில் வராமல் போகாது. தாயை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அம்மம்மாவோடு வளர்ந்த பிள்ளைகள் தீவுப்பகுதியில் எத்தனை பேர்! ஆனால் ஒரு வித்தியாசம். பத்மாவின் தாய் படித்த தொழிலோடும் விசாவோடும் போனவர். எங்கட ஆக்கள் 83க்குப் பிறகும், தீவுகள் காலியான 90, 91க்குப் பிறகும் ஏஜென்சிக்குக் காசு கட்டி, காடு மேடு எல்லாம் தாண்டிப் போனவர்கள். இரண்டையும் 'புலம்பெயர்வு' என்ற ஒரே சொல்லுக்குள் போடும்போது இதை மறக்கக்கூடாது.

நியூயோர்க்கில் சில வருடம், பிறகு கலிபோர்னியாவின் லா புவென்டே. உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் பத்மா தன் பெயரை 'ஏஞ்சலிக்' என்று மாற்றிக்கொண்டார். வாயில் நுழைகிற, கேலிக்கு ஆளாகாத ஒரு பெயர் வேண்டியிருந்தது. சில வருடங்களுக்குப் பிறகுதான் திரும்பவும் பத்மா ஆனார்.

பதினாலு வயதில் ஒரு மருந்து ஒவ்வாமை நோயால் மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்த கையோடு குடும்பம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கார் விபத்து. இடுப்பெலும்பு உடைந்தது, வலது மேற்கை நொறுங்கியது. சத்திரசிகிச்சை கையைக் காப்பாற்றியது. ஆனால் முழங்கைக்கு மேலே 7 அங்குல நீளத்துக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது.

சேலைத் தலைப்பால் கையை மூடு, நீளக் கை சட்டை போடு, "பெட்டைப் பிள்ளைக்கு இப்பிடியா" என்று ஆச்சிமார் பெருமூச்சு விடுவது — இதெல்லாம் எந்த ஊரிலும் ஒண்டுதான். இந்தியாவில் 'ஃபெயார் அண்ட் லவ்லி' கிரீம் விற்பனைக்கு வந்தது 1975இல். கறுப்பே ஒரு குறையாகச் சந்தைப்படுத்தப்பட்ட காலத்தில், கறுப்பும் தழும்பும் சேர்ந்த ஒரு பெண் மொடலாக வருவாள் என்று யார் நினைத்திருப்பார்கள்?

தழும்புக்கு விலை வந்தது

மசச்சூசெற்ஸில் உள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அமெரிக்க இலக்கியமும் படித்தவர் பத்மா. 1992இல் பட்டம். படிப்பின் ஒரு பகுதியாக ஸ்பெயினின் மட்ரிட் நகரில் இருந்தபோதுதான் ஒரு மொடலிங் முகவரின் கண்ணில் பட்டார். அப்போது 21 வயது. பட்டம் முடிந்த பிறகு முழுநேரமாக அந்தத் தொழிலுக்குள் போனதற்குக் கனவு மட்டும் காரணம் இல்லை, பல்கலைக்கழகக் கடனும் இருந்தது. மொடலிங் அதை அடைக்க உதவியது.

தொடக்கத்தில் தழும்பு பெரிய தடை. மேக்கப் போட்டு மறைக்கவேணும், அல்லது கை தெரியாத உடுப்பு. பிறகு ஹெல்முட் நியூட்டன் வந்தார். நாஸி ஜெர்மனியிலிருந்து 1938இல் தப்பி ஓடிய யூதர், உலகின் மிகப் பிரபலமான ஃபேஷன் படப்பிடிப்பாளர்களில் ஒருவர். அவர் அந்தத் தழும்புக்காகவே பத்மாவைப் படமெடுக்க விரும்பினார். அதன் பிறகு எல்லாம் தலைகீழ். மறைக்கச் சொன்னவர்களே காட்டச் சொன்னார்கள். ரால்ஃப் லோரன், உங்காரோ, அல்பெர்ட்டா ஃபெரெற்றி என்று பெரிய பெயர்களுக்கெல்லாம் நடந்தார்.

இந்தக் கதையை 'குறையே நிறையானது' என்று ஊக்கப் பேச்சாளர் பாணியில் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தழும்பு மாறவில்லை, பத்மாவும் மாறவில்லை. அதிகாரம் உள்ள ஒரு ஆண் அதைப் பார்த்து 'இது அழகு' என்று சொன்னார், அவ்வளவுதான். அதுவும் பெண்ணுடலைப் பார்த்த விதத்துக்காகப் பெண்ணியர்கள் கடுமையாக விமர்சித்த ஒரு ஆண். எங்கட மண்ணில் செல் துண்டு கீறிய தழும்போடு எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். சந்தைக்குப் போகேக்க அந்தக் கையை மூடிக்கொண்டுதான் போகிறார்கள். அவர்களிடம் ஒரு நியூட்டனும் வரப்போறதில்லை. வரவேணும் என்றும் இல்லை. ஒரு உடலின் பெறுமதியை வெளியில் இருந்து ஒருவர் வந்து எழுதவேண்டிய நிலைதான் பிரச்சினை.

பத்மாவுக்கும் இது தெரிந்தே இருந்தது. தான் ஒரு புதினப் பொருளாகத்தான் பார்க்கப்பட்டதாக அவரே பின்னாளில் ஒளிக்காமல் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்று இளவரசிகள்

மொடலிங் தொழிலுக்கு ஆயுள் குறைவு. இருபதுகளின் கடைசிக்குள் அடுத்தது என்ன என்று யோசிக்கவேணும். பத்மா படித்தது நாடகம், ஆகவே கண் நடிப்பின் மேல் இருந்தது. முதல் கதவு இத்தாலியில் திறந்தது. 1997இல் அங்கத்தைய அரச தொலைக்காட்சியின் 'டொமெனிக்கா இன்' நிகழ்ச்சியில் தொகுப்பாளர்களில் ஒருவரானார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணிக்கணக்காகப் போகிற நேரலை நிகழ்ச்சி. பாட்டு, விளையாட்டு, பகிடி, பேட்டி எல்லாம் இருக்கும். பிறமொழியில், நேரலையில், எழுதிக்கொடுக்காததைப் பேசவேணும். மொடலுக்கு வாய் தேவையில்லை என்று நினைக்கிற உலகத்தில் இது சரியான பயிற்சி.

பிறகு நடிப்பு. 'கராய்பி' என்ற இத்தாலியக் கடற்கொள்ளையர் தொடருக்காக அவர் உடம்பு போட வேண்டியிருந்தது. படப்பிடிப்பு முடிய அதைக் குறைக்கத் தனக்கென்று சமைத்த சாப்பாட்டிலிருந்து பிறந்ததுதான் 1999இல் வந்த முதலாவது சமையல் புத்தகம், 'ஈஸி எக்ஸோட்டிக்'. பாருங்கோ, புத்தகத்தின் பெயரிலேயே 'எக்ஸோட்டிக்' இருக்கு. தூர தேசத்து விசித்திரம் என்று அர்த்தம். சந்தை அவரை எப்படி விற்றது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2001இல் மரியா கேரியின் 'கிளிற்றர்' படத்தில் ஒரு சின்ன வேடம், படம் படுதோல்வி. 2003இல் ஹிந்தியில் 'பூம்', அதுவும் தோல்வி. தொலைக்காட்சியில் அவருக்குக் கிடைத்த வேடங்களைத்தான் நான் வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்லுவேன்:

2002: 'ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்' தொடரின் ஓர் அத்தியாயத்தில் வேற்றுக்கிரகத்தின் வருங்கால அரசி.

2006: அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசை எடுத்த 'பத்துக் கட்டளைகள்' குறுந்தொடரில் எகிப்திய இளவரசி பித்தியா.

2006: பிரித்தானியாவின் ஐரிவி எடுத்த 'ஷார்ப்ஸ் சேலஞ்ச்'இல், 1817ஆம் ஆண்டு இந்தியாவில் ஒரு சமஸ்தானத்தை ஆட்டிவைக்கிற அரண்மனைப் பெண் மதுவந்தி.

வேற்றுக்கிரகம், பழைய எகிப்து, கதைப்புத்தக இந்தியா. கிரீடமும் நகையும் மாறுகிறதே தவிர, ஆள் ஒன்றுதான். இவர்களில் ஒருத்திக்காவது வாடகை கட்டவேண்டிய கவலை இருந்ததா? தாய் இரவு வேலைக்குப் போன வீட்டில் தனிய இருந்து சாப்பிட்ட ஞாபகம் இருந்ததா? அப்படி ஒரு பெண்ணை எழுத அந்தக் கால எழுத்தாளர் அறையில் ஆள் இல்லை. பெர்சிஸ் கம்பாட்டா 1979இல் நின்ற இடத்துக்கும் பத்மா 2006இல் நின்ற இடத்துக்கும் இடையில் 27 வருடம். பெரிய தூரம் போகவில்லை.

இளவரசி வேடத்தைக் கழற்றியபோது

அதே 2006 ஒக்ரோபரில் பிராவோ அலைவரிசையின் 'டொப் செஃப்' சமையல் போட்டிக்கு இரண்டாவது பருவத்திலிருந்து பத்மா தொகுப்பாளர் ஆனார். தொழில்முறைச் சமையல்காரர்கள் போட்டி போடுவார்கள், நடுவர்கள் ருசி பார்ப்பார்கள், ஒவ்வொரு கிழமையும் ஒருவர் தன் கத்திகளைக் கட்டிக்கொண்டு வெளியேற வேணும். அந்தத் தீர்ப்பைச் சொல்வது பத்மாவின் வேலை. 2023இல் முடிந்த 20ஆவது பருவம் வரை, அதாவது 19 பருவம், அவர்தான். சிறந்த ரியாலிற்றிப் போட்டிக்கான எம்மி விருதை 'அமேஸிங் ரேஸ்' தொடர்ந்து ஏழு வருடம் தட்டிக்கொண்டு போன பிறகு, 2010இல் அதை உடைத்தது 'டொப் செஃப்'.

தொடக்கத்தில் விமர்சனங்கள் கடுமையாகத்தான் வந்தன. மொடலுக்குச் சமையல் என்ன தெரியும், சல்மான் ருஷ்டியின் மனைவி என்பதால் வந்த வாய்ப்பு என்றெல்லாம். 2004இல் நடந்த அந்தத் திருமணம் 2007இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்னும் 16 வருடம் அவர் அந்த மேசையில் இருந்தார். புளி கூடினதா, பெருங்காயம் போட்டால் என்ன நடக்கும், வறுத்த கடுகுக்கும் வறுக்காத கடுகுக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் பாட்டியின் அடுப்படியில் கற்ற நாக்கு அது. இளவரசிக்கு எழுதிக்கொடுத்த வசனம் தேவை. ருசி பார்க்கிறவளுக்குத் தன் சொந்த நாக்கு போதும்.

அதே காலத்தில்தான் அவர் மறைத்துவைத்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பதின்ம வயதிலிருந்து மாதாமாதம் படுத்த படுக்கையாக்கிய வலிக்குப் பெயர் எண்டோமெற்றியோசிஸ் என்று 36 வயதில்தான் அவருக்குச் சொல்லப்பட்டது. 2009இல் தன் வைத்தியர் தமர் செச்கினோடு சேர்ந்து அதற்கென ஒரு அமைப்பைத் தொடங்கினார். "பொம்பிளையெண்டால் நோகத்தான் செய்யும்" என்று சொல்லி வளர்க்கப்பட்ட எங்களில் எத்தனை பேருக்கு இந்த நோயின் பெயராவது தெரியும்? 2018இல், 16 வயதில் தனக்கு நடந்த பாலியல் வன்முறையையும் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்த வருடங்களையும் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார்.

2020 ஜூனில் வந்த 'டேஸ்ட் த நேஷன்' அவரே உருவாக்கி, தயாரித்து, தொகுத்த தொடர். எல் பாசோவின் மெக்சிக்கோ எல்லை, தென் கரோலினாவின் கல்லா கீச்சி மக்கள், லாஸ் வேகாஸின் தாய்லாந்துப் பெண்கள் என்று அமெரிக்கச் சாப்பாடு என்பது யார் யாருடைய சாப்பாடு என்று தேடிப் போனார். ஒரு அத்தியாயம் முழுக்கத் தோசை. அதில் தாயும் வருகிறார். இளவரசி இல்லை, வேற்றுக்கிரகம் இல்லை, நியூயோர்க்கில் ஒரு தமிழ்த் தாயும் மகளும். அந்த இடத்துக்கு வர மொடலிங் தொடங்கியதிலிருந்து கிட்டத்தட்ட 28 வருடம் எடுத்திருக்கிறது. அதுவும் தயாரிப்பாளர் கதிரையில் அவரே இருந்தபடியால்தான் நடந்தது.

2021இல் 'வொஷிங்டன் போஸ்ட்' பத்தியாளர் ஒருவர் இந்தியச் சமையல் முழுக்க ஒரே ஒரு வாசனைப் பொருளில் நிற்கிறது என்று பகிடியாக எழுதினார். பத்திரிகை பிறகு திருத்தம் போட்டது, எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். அதே பத்திரிகையில் பத்மா எழுதிய பதிலின் சாரம் எளிமையானது: தெரியாததைப் பகிடி என்ற பெயரில் சொன்னாலும் அது அறியாமைதான்.

எங்கட கேள்விகள்

பத்மாவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடச் சொல்லி இதை எழுதவில்லை. அவர் சென்னையின் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. அந்த அடுப்படியிலிருந்து போன தோசையும் சாம்பாரும் தயிர்ச்சாதமும்தான் அமெரிக்காவில் 'தமிழ்ச் சாப்பாடு' என்று அறியப்படுகின்றன. நண்டும் றாலும் போட்டு, பனையின் ஒடியல் மாவில் காய்ச்சுகிற எங்கட கூழ் அந்தப் படத்துக்குள் இல்லை. ஒரு ஆள் திரைக்கு வந்தவுடன் முழுச் சனமும் வந்துவிட்டது என்று நினைப்பது ஏமாற்று. யார் வந்தார்கள், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று கேட்கத்தான் வேணும்.

ஆனால் அவர் தட்டின கதவால் மற்றவர்களும் வந்தார்கள் என்பதும் உண்மை. 2020 ஏப்ரலில் 'நெவர் ஹாவ் ஐ எவர்' வந்தது. அதில் தேவி என்ற தமிழ்-அமெரிக்கப் பள்ளிக்கூடப் பெட்டை கோபப்படுகிறாள், பொய் சொல்லுகிறாள், தகப்பனை நினைத்து அழுகிறாள். நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவின் மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளை. திறந்த அழைப்புக்கு வந்த சுமார் 15,000 பேரிலிருந்து எடுக்கப்பட்டவர். தேவிக்குக் கிரீடம் இல்லை. வீட்டுப்பாடம் இருக்கு.

2022 மார்ச்சில் வந்த 'பிரிட்ஜர்ட்டன்' இரண்டாம் பருவத்தில் 'அப்பா' என்று சொன்னவர் சிமோன் ஆஷ்லி. இங்கிலாந்தில் இந்தியத் தமிழ்ப் பெற்றோருக்கு 1995இல் பிறந்தவர். பிறப்புப் பெயர் சிமோன் அஷ்வினி பிள்ளை. இதை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. நடிகையின் பெயரிலிருந்து 'பிள்ளை' போய்விட்டது. கதாபாத்திரத்துக்கோ 'ஷர்மா' என்ற வடஇந்தியக் குடும்பப் பெயர். இரண்டு பெயரிலும் தமிழ் இல்லை, ஆனால் வாயில் 'அப்பா' இருக்கு. பாதி வந்தாச்சு, பாதி இன்னும் வெளியில் நிற்கிறது.

பத்மாவின் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த திருப்பம் இதுதான்: ஏஞ்சலிக் என்று பெயர் மாற்றியபோது பள்ளிக்கூடத்தில் ஒரு மூலை கிடைத்தது. கையைக் காட்டியபோது ஒரு படம் கிடைத்தது. கிரீடம் போட்டபோது மூன்று வேடம் கிடைத்தன. நிலைத்த இடம் கிடைத்தது தன் நாக்கால் ருசி பார்த்து, தன் வாயால் சொல்லத் தொடங்கிய பிறகு. 2023இல், 52 வயதில், 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' நீச்சலுடை இதழில் மொடலாகத் திரும்பவும் நின்றார். இந்த முறை பெயர் தெரியாத 'எக்ஸோட்டிக்' பெண் இல்லை, பத்மா லக்ஷ்மி.

பெறாமகள் திரும்பிப் போற அண்டைக்கு முதல் நாள் இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். ஏஞ்சலிக் என்ற இடத்தில் சிரித்தாள். "அப்ப நானும் பேரை மாத்தவேணுமோ சித்தி?" என்று கேட்டாள். மாற்றச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? திரும்பிப் பார்க்கிற அந்த வகுப்பில் இருக்கப்போறது அவள்தானே, நான் இல்லையே. "உனக்கு எப்ப வேணுமெண்டாலும் அது உன்ர பேர்தான்" என்று மட்டும் சொன்னேன்.

போன கிழமை வட்ஸ்அப்பில ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். வகுப்பில ஒருத்தியிடம் தன் முழுப் பெயரையும் சொல்லிக்கொடுத்தாளாம். அந்தப் பிள்ளை மூன்றாம் முறை சரியாகச் சொல்லிப்போட்டுதாம்.